விடுகதை போட்டவர் வீட்டில் இல்லை

மின்விசிறி சுழலாத காலத்துக் கோடை இரவுகளில், திருநெல்வேலிச் சீமையின் அக்கிரகாரத்துத் திண்ணையானாலும் சரி, சம்சாரி வீட்டுத் தார்சாவானாலும் சரி, பாயை விரித்துப் பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு பாட்டிமார் விடுகதை போட்டு வந்த சம்பிரதாயத்தில், எழுதி வைக்கப்படாத நிபந்தனை ஒன்று இருந்தது. விடுகதை எவ்வளவு கடினமானாலும், அதைப் போட்டவர் எழுந்து போய்விடக் கூடாது. பிள்ளைகள் சொல்லும் தவறான விடைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, முகங்கள் வாடத் தொடங்குகிற சமயம் பார்த்து ஒரு சிறு குறிப்பைக் கசியவிட்டு, அதற்கும் பிடிபடவில்லையென்றால், "தோத்துட்டோம்னு ஒத்துக்கிடுங்கல, சொல்லுதேன்" என்று இறங்கிவந்து விடையை அவிழ்க்கிற கடமையும் அவருக்கே உரியது. தொல்காப்பியர் செய்யுளியலில் பிசி என்னும் பெயரால் விடுகதைக்கு இடம் கொடுத்து, அதனை இரு வகையாகப் பகுத்தும் காட்டியிருக்கிறாரென்றால், இந்த விநோதம் நம்மிடையே எத்தனை காலமாக நடந்து வருகிறது என்பது விளங்கும். விக்கிரமாதித்தனை வாட்டி எடுத்த வேதாளம்கூடத் தன் கேள்விகளை எங்கோ மறைந்திருந்து வீசவில்லை. அவன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் கேட்டது.

இந்த நிபந்தனையைக் காற்றில் பறக்கவிட்டு, விடுகதையை மட்டும் மனிதர் முன் வைத்துவிட்டு, அதைப் போட்டவர் கண்காணாத தூரத்துக்குப் போய்விட்டால் என்ன நேரும் என்பதைப் பரீட்சித்துப் பார்த்தவை, 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எண்ணற்றோரின் தூக்கத்தைக் கெடுத்த 'அட்வெஞ்சர்' ஜாதிக் கணினி விளையாட்டுகள். இன்றைய இளைஞர் கைப்பேசியில் ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டா. ஆதியில் இவற்றுக்குப் படமே கிடையாது. திரையில் சில வாக்கியங்கள் தோன்றும்: நீங்கள் ஒரு சாலையின் முடிவில் நிற்கிறீர்கள், எதிரே ஒரு செங்கற் கட்டடம் இருக்கிறது, பக்கத்தில் ஓர் ஓடை ஓடுகிறது என்பன போல. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஆடுகிறவரே தட்டச்சு செய்ய வேண்டும். உள்ளே போ, விளக்கை எடு, கதவைத் திற என்று இரண்டு சொற்களில், ஆங்கிலத்தில். இயந்திரம் அதற்கு ஒரு மறுமொழி தரும். இவ்வாறு கேட்டும் சொல்லியும், கண்ணுக்குத் தெரியாத ஒரு தேசத்தில் நடந்து, பொக்கிஷங்களைத் தேடி, வழிமறிக்கும் தடைகளை யுக்தியால் நீக்கிக்கொண்டு போவதே ஆட்டம். கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவது என்பார்களே, அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்ட ஒரு தலைமுறை இருந்தது.

இதன் மூல புருஷர் வில் க்ரௌதர் என்பவர். இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கிய நிறுவனத்தில் நிரல் எழுதுவது அவருக்கு உத்தியோகம். பூமிக்கடியில் உள்ள குகைகளுக்குள் ஊர்ந்து சென்று அவற்றை அளந்து வரைபடம் தயாரிப்பது அவருக்குப் பித்து. கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொடரை மனைவி பட்ரீஷியாவோடு சேர்ந்து அவர் அளந்திருக்கிறார். அந்தத் தொடரின் இரு பெரும் பகுதிகள் உள்ளுக்குள் இணைந்திருக்கின்றன என்பதை 1972 செப்டம்பரில் கண்டுபிடித்த குழுவில் அந்த அம்மையாரும் ஒருவர். பின்னர் தம்பதிகள் பிரிந்தனர். பிரிந்துபோன வீட்டில் வளரும் தம் இரு பெண்களுக்கும் விளையாட்டாக ஏதேனும் செய்து தரவேண்டும் என்ற எண்ணத்தோடு, 1975-76 வாக்கில், தாம் தவழ்ந்து பழகிய குகையையே சொற்களால் அமைத்து, அதில் கொஞ்சம் மாயமும் கொஞ்சம் புதையலும் கலந்து க்ரௌதர் எழுதியதுதான் 'அட்வெஞ்சர்'. ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வூட்ஸ் என்பவர் அதைக் கண்டு, க்ரௌதரின் சம்மதம் பெற்று, 1977-இல் விரிவாக்கி, 350 புள்ளிகள் கொண்ட முழு ஆட்டமாக்கினார். பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர் சிலர் அந்தக் குகைக்குள்ளேயே இறங்கி, நிரலில் உள்ள வருணனையையும் பிரத்யட்சத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பல இடங்களில் இரண்டும் பொருந்தியிருக்கக் கண்டார்கள்.

அந்த ஆட்டத்தின் ஒரு புதிரைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். குகையின் மண்டபம் ஒன்றில் பச்சைப் பாம்பொன்று வழியை மறித்துப் படுத்திருக்கிறது. எதைக் கொண்டு அடித்தாலும் அது அசைவதில்லை. அதற்குச் சற்று முன்னதாக வேறோர் அறையில் ஒரு சிறு பறவை பாடிக்கொண்டிருக்கிறது. வழியில் ஒரு கூண்டு கிடக்கிறது. அதையடுத்து, முனையில் துருப்பிடித்த நட்சத்திரம் பதித்த கறுப்புக் கோல் ஒன்றும் கிடக்கிறது. சாமானிய புத்தியுள்ள எவரும் இரண்டையும் எடுத்துக்கொண்டுதான் பறவையிடம் போவார். போனால் பறவை பிடிபடாது. நாம் நுழைந்தபோது அஞ்சாமல் இருந்த பறவை, நாம் நெருங்க நெருங்கக் கலவரமடைகிறது என்று மட்டும் இயந்திரம் சொல்லும். காரணம் அந்தக் கோல். கோலைக் கீழே வைத்துவிட்டு வந்தால் பறவை சாதுவாகக் கூண்டுக்குள் வரும். அதைப் பாம்பின் முன் திறந்துவிட்டால் பாம்பு ஓடிப்போகும். ஆனால் அந்தக் கோலும் பின்னால் ஒரு பாதாளப் பிளவுக்குக் குறுக்கே பாலம் வரவழைப்பதற்குத் தேவைப்படுவது. ஆகையால் அதைக் கைவிட யாருக்கும் மனம் வராது. கையில் ஒரு பொருள் இருப்பதே தடையாகலாம் என்ற எண்ணம் தோன்றாதவரை, ஆடுகிறவர் தலையால் தண்ணீர் குடித்தாலும் அடுத்த அறைக்குப் போக முடியாது. என் அபிப்பிராயத்தில் இது உத்தமமான புதிர். விடை தெரிந்தபின் திரும்பிப் பார்த்தால், "நெருங்க நெருங்க" என்ற அந்தச் சொற்களிலேயே விடை ஒளிந்திருந்தது புலப்படுகிறது. தோற்றவனுக்குக் கோபம் வராமல் வெட்கம் வருகிறது.

வூட்ஸிடம் பாட்டியின் தர்மம் சிறிது எஞ்சியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே இடத்தில் வெகுநேரம் தடுமாறுகிறவரைப் பார்த்து, "குறிப்பு வேண்டுமா? வேண்டுமென்றால் உம் புள்ளிகளில் இத்தனை குறையும்" என்று நிரலே கேட்கும்படி அவர் செய்திருந்தார். பறவை விஷயத்தில் அது கொடுத்த குறிப்போ, பறவை இப்போது பயந்திருக்கிறது, பிறகு வந்து பாரும் என்பதுதான். கடைக்காரர் சொல்கிற 'நாளைக்கு வாங்க' ரகம். இருந்தாலும் கேட்கத் தோன்றியதே, அது பெரிது. அடுத்து வந்தவர்கள் அந்த மரியாதையையும் விட்டுவிட்டார்கள்.

எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நால்வர், 'அட்வெஞ்சர்' ஆட்டத்தை முடித்த கையோடு, அதை விஞ்ச வேண்டும் என்று 1977-இல் எழுதத் தொடங்கிய 'ஸார்க்', பிறகு இன்ஃபோகாம் என்னும் கம்பெனியின் முதற்சரக்காக 1980-இல் வீட்டுக் கணினிகளுக்கு வந்தது. பெரிய இயந்திரத்தில் ஒரே ஆட்டமாக இருந்ததைச் சிறிய இயந்திரத்துக்குள் திணிக்க முடியாமல் மூன்று பாகங்களாக வெட்ட வேண்டியதாயிற்று. இங்கேதான் இந்த விளையாட்டுகள் ஏன் இவ்வளவு கொடுமையாக இருந்தன என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைக்கிறது. அந்தக் காலத்து வீட்டுக் கணினியின் நினைவகம் 16 அல்லது 48 கிலோபைட். நம் மத்திய அரசு 1984-85-இல் பள்ளிகளுக்குக் கணினி அறிவு புகட்டுவதற்காகத் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் வந்திறங்கிய பிபிசி மைக்ரோ இயந்திரத்துக்கு 32 கிலோபைட். இன்றைய குறியீட்டு முறையில் ஒரு தமிழெழுத்துக் குறி மூன்று பைட் பிடிக்கிறது என்பதைக் கணக்கில் கொண்டால், இப்போது நீங்கள் வாசிக்கும் இந்தக் கட்டுரை முழுவதும் அந்த இயந்திரத்தின் நினைவகத்தில் அடங்காது. அத்தனை சிறிய பாத்திரத்தில் சமைத்த பண்டத்தை, நாற்பது டாலரை ஒட்டிய விலை கொடுத்து வாங்குகிறவர், ஒரே சாயங்காலத்தில் தின்று தீர்த்துவிட்டு மறுநாள் கடைக்கு வந்து சண்டை பிடிக்காமல் இருக்க வேண்டுமானால், ஒவ்வொரு கவளத்திலும் ஒரு கல்லைக் கலந்து வைப்பதைத் தவிர வேறு உபாயம் வியாபாரிக்கு இல்லை. மீதிப் பாதி விடை, எழுதியவர்களின் சுபாவத்தில் இருக்கிறது. இரவெல்லாம் ஒரே பெரிய கணினியைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவரையொருவர் மடக்குவதையே பொழுதுபோக்காகக் கொண்ட மாணவர்கள், தமக்காகவும் தம் சிநேகிதர்களுக்காகவும் எழுதியவை இவை. சிக்கிக்கொண்டவன் பக்கத்து நாற்காலிக்காரனைக் கேட்டால் போயிற்று. அதே ஆட்டம் ஒரு பெட்டிக்குள் அடைக்கப்பட்டு, ஏதோ ஓர் ஊரில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் கைக்கு வந்தபோது, பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

இந்தக் கல் கலந்த சமையலின் உச்சம் என்று பலராலும் போற்றவும் தூற்றவும் படுவது, டக்ளஸ் ஆடம்ஸ் என்ற ஆங்கில ஹாஸ்ய எழுத்தாளர், தமது நாவலைத் தழுவி ஸ்டீவ் மெரெட்ஸ்கியுடன் சேர்ந்து 1984-இல் இன்ஃபோகாமுக்காக எழுதிய 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு'. அதில் காதுக்குள் போட்டுக்கொண்டால் எந்தப் பாஷையும் விளங்கிவிடும் ஒரு மீன் உண்டு. அதைப் பெறுவதற்கு ஓர் இயந்திரத்தின் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் மீன் பறந்துபோய் எதிர்ச் சுவரிலுள்ள ஓட்டைக்குள் புகுந்துவிடும். மேலங்கியைக் கழற்றி அதன்மேல் தொங்கவிட்டால், மீன் அதில் மோதி வழுக்கிச் சாக்கடைச் சல்லடைக்குள் விழும். சல்லடையைத் துண்டால் மூடினால், துப்புரவு செய்யும் ஒரு யந்திரப் பணியாள் ஓடிவந்து மீனை வாரிக்கொண்டு போகும். அது போகும் வழியில் ஒரு பையை வைத்தால், முட்டி மோதி மீன் மேலே தெறிக்க, மேலிருந்து வேறொரு பணியாள் அதைக் கவ்விக்கொள்ளும். கடைசியாக அந்தப் பையின்மேல் ஒரு கத்தை விளம்பரக் கடிதங்களை வைத்தால், அவை சிதறிப் பறக்க, அந்தப் பணியாள் அவற்றைப் பொறுக்குவதில் மும்முரமாகிவிட, மீன் ஒருவழியாக நம் காதில் வந்து விழும். இதற்குள் இயந்திரத்திலுள்ள மீன்களும் தீர்ந்துபோகலாம். இதுவரை எல்லாம் வேடிக்கை. ஒவ்வொரு தோல்வியும் அடுத்த படியைச் சொல்லிக் கொடுப்பதால், இதில் எனக்கு மனக்குறை இல்லை. அக்கிரமம் எங்கே என்றால், அந்த விளம்பரக் கடிதக் கத்தை ஆட்டத்தின் ஆரம்பத்தில் கதாநாயகன் வீட்டு வாசலில் கிடந்தது. அதை அப்போதே எடுத்து வைத்துக்கொள்ளாதவருக்கு, வீடு மட்டுமன்று, அந்த வீடு இருந்த பூமியே இப்போது அழிந்துபோயிற்று. அதுபோலவே, ஆரம்பத்தில் தெருவில் பசியோடு நின்ற நாய்க்கு ஒரு ரொட்டித் துண்டைப் போடாதவர், ஆட்டத்தின் பிற்பகுதியில் அந்தப் பாவத்தின் பலனை அனுபவிக்க நேரும். கர்ம பலனில் நம்பிக்கையுள்ள நம்மவருக்கு இது ஏற்புடையதாகத் தோன்றலாம். ஆனால் கர்மத்திலும் பிராயச்சித்தம் என்று ஒன்று உண்டே; இங்கே அது இல்லை. தான் செத்துவிட்டது தெரியாமலேயே, சில மணி நேரமோ சில வாரமோ நடமாடிக்கொண்டிருப்பான் ஆடுகிறவன்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிப் போகலாம். ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற அம்மையார், 'அட்வெஞ்சர்' ஆடிய மோகத்தில் தாமும் எழுதத் துணிந்து, 1980-இல் 'மிஸ்டரி ஹவுஸ்' மூலம் இந்த ஜாதிக்குப் படத்தைச் சேர்த்தார். 1984-இல் அவர் செய்த 'கிங்ஸ் க்வெஸ்ட்' ஆட்டத்தில் ஒரு குள்ளனின் பெயரை ஊகித்துச் சொல்ல வேண்டும். பெயரோ ஐரோப்பியக் குழந்தைகள் கதையில் வருகிற ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின். சில சமயம் பின்னோக்கிச் சிந்திப்பது நல்லது என்ற குறிப்பைப் படித்தவர் அந்தப் பெயரைத் தலைகீழாக எழுதிப் பார்ப்பார்; அது தவறு. ஆங்கில நெடுங்கணக்கையே தலைகீழாக்கி, முதலெழுத்துக்குக் கடைசி எழுத்து, இரண்டாவதற்குக் கடைசிக்கு முந்தியது என்று மாற்றி எழுத வேண்டுமாம். அந்த நாட்டுக் கதை தெரியாத நம் பிள்ளைகளுக்கு இது இரட்டைப் பூட்டு. 1999-இல் வந்த 'கேப்ரியல் நைட்' மூன்றாம் பாகத்தில், மீசையே இல்லாத ஒரு மனிதனைப் போல வேஷம் போடுவதற்காக, ஒட்டுநாடாவால் பூனையின் ரோமத்தைப் பறித்து, அதை இனிப்புப் பாகினால் உதட்டின்மேல் ஒட்டிக்கொண்டு, ஈடாக அந்த மனிதனின் பாஸ்போர்ட்டுப் படத்திலும் ஒரு மீசையை வரைந்துவிட வேண்டும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எந்தப் பாஷையிலும் அகப்படாது. அட்வெஞ்சர் விளையாட்டுகளின் செல்வாக்கு மங்கியதற்குக் காரணமாக இந்தப் பூனை மீசையையே சுட்டிக்காட்டிக் கேலி செய்தவர்களும் உண்டு.

விடுகதை போட்டவர் வீட்டில் இல்லாத குறையை நிரப்பத் தனியாக ஒரு வியாபாரமே வளர்ந்தது. ராபர்ட்டா வில்லியம்ஸின் சியெரா கம்பெனி தொலைபேசியில் விடை சொல்ல ஆட்களை வைத்தது. இன்ஃபோகாம் வெளியிட்ட 'இன்விசிக்ளூஸ்' என்னும் சிறு புத்தகங்களோ, அந்த வியாபாரத்துக்குள்ளேயே ஒரு கலையழகு உடையவை. ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு கேள்வி அச்சிட்டிருக்கும். அதன்கீழ் விடைகள், கண்ணுக்குத் தெரியாத மையில். கூடவே தரப்பட்ட பேனாவால் தேய்த்தால் முதல் வரி தெரியும். அது ஜாடையாக மட்டுமே சொல்லும். போதாதென்றால் இரண்டாவது வரி. கடைசி வரியில்தான் பச்சையாக விடை இருக்கும். கேள்விகளைப் படித்தே கதையை ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக, ஆட்டத்தில் இல்லாத விஷயங்களைப் பற்றிய பொய்க் கேள்விகளையும் இடையிடையே கலந்து வைத்திருந்தார்கள். ஆனாலும், ஒரே கம்பெனி பூட்டையும் விற்றுச் சாவியையும் தனியாக விற்பதில் உள்ள நியாயத்தை வாசகரே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

நம் பக்கத்துக்கு இந்தச் சாவிகள் எவையும் வந்து சேரவில்லை. 1990-களில் திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் முளைத்த கம்ப்யூட்டர் சென்டர்களிலும், குளிர்சாதனம் போட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையச் சொன்ன பள்ளிக் கணினி அறைகளிலும், விளையாட்டு என்பது ஒரு பிளாப்பியிலிருந்து இன்னொரு பிளாப்பிக்கு நகல் எடுக்கப்பட்டுக் கைமாறி வருவது. பெட்டியும் கிடையாது, புத்தகமும் கிடையாது. சொல் விளையாட்டுகள் இங்கே வேர் பிடிக்காமற் போனதற்கு, தெரியாத புதிரோடு தெரியாத ஆங்கில வினைச்சொல்லையும் சேர்த்து ஊகிக்க வேண்டியிருந்ததே முக்கிய காரணமாக இருக்க வேண்டும். நம்மவர் மனத்தில் இடம் பிடித்தது ஜோர்டன் மெக்னர் 1989-இல் வெளியிட்ட 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. சொல் தேவையில்லை; வெள்ளை உடை உடுத்த ஓர் இளைஞன் ஓடுவான், தாவுவான், முட்களில் விழுந்து மடிவான். அறுபது நிமிஷங்களுக்குள் நிலவறைகளையெல்லாம் கடந்து ராஜகுமாரியை மீட்க வேண்டும். கடமைக்கு டிபேஸ் பயிலவந்த பையன்கள், ஆசிரியர் தலை மறைந்ததும் இதைத் திறந்துகொண்டு, ஒருவன் விசைப்பலகையில் உட்கார, நால்வர் பின்னால் நின்று, "ஏல, இப்ப குதிக்காத, ரெண்டு அடி பின்னால வா" என்று புத்தி சொல்லுவார்கள். எம்.ஐ.டி. மாணவர்களுக்கு இருந்த பக்கத்து நாற்காலி, நம் ஊரில் நின்ற நிலையில் இருந்தது.

அந்த ஆட்டம் மேற்பார்வைக்குக் கைவேகத்தைச் சோதிப்பதாகத் தோன்றினாலும், அதன் உள்ளே பழைய விடுகதை மரபு மறைந்திருந்தது. முதலாவது, மூலப் பிரதியின் ஆரம்பக் கட்டத்திலேயே, எழுத்துகள் பொறித்த மருந்துக் குப்பிகள் வரிசையாக வைத்த அறை ஒன்று வரும். விளையாட்டோடு தந்த கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ, அந்தக் குப்பியைக் குடிக்க வேண்டும். திருட்டு நகலைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. கையேட்டைக் கண்ணாலும் கண்டிராதவனுக்கு, இந்த அறையைவிடக் கடினமான புதிர் உலகில் வேறில்லை; அந்தத் தடையை அறுத்தெறிந்த நகல் கிடைத்தவன் பாக்கியவான். இரண்டாவது, எட்டாம் கட்டத்தில் மூடிய கதவுக்குப் பின்னால் கதாநாயகன் சிக்கிக்கொள்வான். அவன் செய்யக்கூடியது எதுவுமில்லை. சற்றுப் பொறுத்திருந்தால் ராஜகுமாரி அனுப்பிய சிறிய எலி ஒன்று ஓடிவந்து, கதவைத் திறக்கும் கல்லின்மேல் ஏறி நிற்கும். பதற்றத்தில் அங்குமிங்கும் தாவிச் செத்தவர்கள் பலர்.

மூன்றாவதுதான் சிகரம். நாலாம் கட்டத்தில் வழியை அடைத்து நிற்கும் ஒரு கண்ணாடியை, ஓடிவந்து பாய்ந்து ஊடுருவ வேண்டும். அப்போது கதாநாயகனின் நிழலுரு தனியே பிரிந்து எதிர்ப்புறம் ஓடிவிடும். அது அடுத்த கட்டத்தில் நமக்குரிய மருந்தைக் குடித்துவிட்டுப் போகும். அதற்கடுத்ததில் நம் கண்ணெதிரே கதவை அடைக்கும். பன்னிரண்டாம் கட்டத்தில் கத்தியை உருவிக்கொண்டு வந்து நிற்கும். அதை வெட்டினால் நம் உயிர் குறைகிறது. வெட்டிக் கொன்றால் நாமே சாகிறோம். விடை என்னவென்றால், கத்தியை உறைக்குள் போட்டுவிட்டு அதை நோக்கி ஓட வேண்டும். நிழலும் தன் கத்தியை வைத்துவிட்டு நம்மை நோக்கி ஓடிவந்து, இரண்டும் ஒன்றாகிவிடும். காஞ்சியிலும் சிருங்கேரியிலும் கிரந்தங்களாக விரித்த விஷயத்தை, நியூயார்க்கில் பிறந்த இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் ஒரு கத்திச் சண்டையில் வைத்துக் காட்டியிருக்கிறார் என்று சொன்னால் அது மிகையாகலாம். ஆனால் அந்த விடையைத் தானே கண்டுகொண்ட பையன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிடுவான் என்பது மிகையன்று. பறவைக்கும் கோலுக்கும் சொன்ன அதே லட்சணம் இதற்கும் பொருந்துகிறது. நான் அடித்தால் எனக்கே வலிக்கிறது என்ற குறிப்பை ஆட்டமே பிரத்யட்சமாகக் காட்டிவிட்டது. அதற்கு மேல் சொல்லிக் கொடுக்க ஆள் தேவையில்லை.

கொடுமையைக் குறைக்க வேண்டும் என்று உள்ளிருந்தே குரல் எழுப்பியவர் ரான் கில்பர்ட். இந்த விளையாட்டுகளில் உள்ள குறைகளை ஒளிவுமறைவின்றி அடுக்கி 1989-இல் ஒரு கட்டுரை எழுதிய அவர், மறு ஆண்டில் வெளியிட்ட 'மங்கி ஐலண்ட்' ஆட்டத்தில், எதை மறந்தாலும் திரும்பிச் சென்று சரிசெய்துகொள்ளலாம், அநேகமாகச் சாகவே முடியாது என்னும் தர்மத்தை நிலைநாட்டினார். தண்ணீருக்கடியில் பத்து நிமிஷம் சும்மா நின்றால் மட்டும் கதாநாயகன் சாவான். பத்து நிமிஷம் மூச்சடக்குவேன் என்று அவனே பீற்றிக்கொண்டதற்குத் தண்டனை அது. அந்தத் தர்மத்தின் நெடுந்தொலைவுச் சந்ததி என்று, டொரான்டோவிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'வைச் சொல்லலாம். 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய ஒரு தாயின் கதை அது; அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் மை அழிந்தும் கிடக்க, இட்லிக் கொப்பரையில் தட்டுகளை எப்படி அடுக்குவது, எதற்குப்பின் எதைப் போடுவது என்று விட்டுப்போன வரிகளை ஊகித்து நிரப்புவதே புதிர். தவறினால் மறுபடி தொடங்கலாம், கோபிப்பார் இல்லை. 2024-இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும், தனி முயற்சி விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும் பரிசையும் அது பெற்றது. தமிழ் அடுக்களையில் வளர்ந்தவருக்கு அதில் புதிரே இல்லை என்பதுதான் என் ஒரே குறை. மனத்தை உருக்குகிறது, மண்டையைக் குடைவதில்லை.

குடைச்சல் வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு வழி எளிது. 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் எண்ணியல் நூலகம் பழைய டாஸ் விளையாட்டுகளை ஆயிரக்கணக்கில் இணைய உலாவியிலேயே ஆடும்படி வைத்திருக்கிறது. 'அட்வெஞ்சர்' ஆட்டத்தையே ராபர்ட்டா வில்லியம்ஸ் தம் கணவரோடு சேர்ந்து 2023-இல் முப்பரிமாணப் படங்களோடு புதுப்பித்தும் இருக்கிறார். கட்டம் போட்ட காகிதமும் பென்சிலும் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு அறைக்கு மேல் எதையும் மனத்தில் வைத்துக்கொள்ள முயல வேண்டா. விடையை இணையத்தில் தேடுவதற்கு முன் ஓர் இரவாவது தூங்கி எழுவது உத்தமம்.

க்ரௌதர் தம் குகையை எழுதியது போல நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கை யாராவது எழுதினால் என்ன என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. பாபநாசம் கோயிலின் படித்துறையில், கால் விரலைக் கடிக்க வரும் மீன்களுக்கு நடுவே ஆட்டத்தைத் தொடங்கலாம். மேற்கே ஏறினால் அகத்தியர் அருவி, அதற்கு மேல் கல்யாண தீர்த்தம், காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார், காரையாறு அணை, அதற்கப்பால் பாணதீர்த்தம். அருவிக்குப் பின்னால் ஒரு குகையை மட்டும் இட்டுக்கட்டிக்கொண்டால் போதும்; மற்றதெல்லாம் உள்ளபடியே விநோதமானது. பரிகாரம் என்று சொல்லி ஆற்றில் விட்டுப்போகும் துணிமணிகளை எடுத்துக் கரையில் போட்டால் ஐந்து புள்ளி என்றும் வைக்கலாம். ஆட்டத்திலாவது யாரேனும் அதைச் செய்யட்டும்.

நடுப் புதிருக்கு நவகைலாய ஐதிகம் கைவசம் இருக்கிறது. அகத்தியரின் சீடரான உரோமச முனிவர் தாமிரபரணியில் ஒன்பது தாமரை மலர்களை மிதக்கவிட்டார். மலர்கள் ஒதுங்கிய ஒன்பது இடங்களிலும் சிவாலயங்கள் எழுந்தன என்பது அது. ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு கிரகம் உரியது. பாபநாசத்துக்குச் சூரியன், சேரன்மகாதேவிக்குச் சந்திரன், கோடகநல்லூருக்குச் செவ்வாய். இதைக் கேட்டவுடன், ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று கிழமை வரிசைதான் சூத்திரம் என்று ஆடுகிறவன் நிச்சயித்துக்கொள்வான். அதை நம்பி நாலாவதாகப் புதனைத் தேடிப் புறப்பட்டால், தென்திருப்பேரை வரை வீணாக அலைய நேரும். ஆற்றின் போக்கில் நாலாவது தலமான குன்னத்தூர் ராகுவுக்குரியது. முறப்பநாடு குருவுக்கு, ஸ்ரீவைகுண்டம் சனிக்கு, அதன்பிறகுதான் தென்திருப்பேரையில் புதன். வெள்ளத்தில் அழிந்து மீண்டும் எழுந்த ராஜபதி கேதுவுக்கு. கடைசி மலர் சேர்ந்த சேர்ந்தபூமங்கலம் சுக்கிரனுக்கு. சோதிடத்தை நினைக்கிறவன் தோற்பான். கையிலிருக்கும் பூவைப் பாபநாசத்தில் தண்ணீரில் விட்டுவிட்டு, அது போகிற வழியே போகிறவன் ஜெயிப்பான். அப்படியும் வழி தப்பினவர் மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் திருநெல்வேலியிலிருந்து புறப்படும் நவகைலாயச் சிறப்புப் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம்; வரிசை நடத்துநருக்கு மனப்பாடம்.